யாரும் வெட்டாத வால்

நேயர்களே, நான் வெட்டாத ஒரு வாலுக்காக ஒரு நாள் அடி வாங்கியிருக்கிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. திருக்கோயிலை அடுத்த எங்கள் வினாயகபுரத்தில், கல்முனைப் பக்கத்திலிருந்து வந்து சில்லறைக் கடை போட்டிருந்த காக்கா ஒருவர் இருந்தார். அரிசி மூடைகளுக்கு எலித் தொல்லை. எங்கிருந்தோ வந்த பெட்டைப் பூனையொன்று ஒரு மழைநாளில் கடைக்குள் ஒதுங்கிக்கொண்டது. எலும்பும் தோலுமாய் இருந்த அதற்குக் காக்கா கருவாட்டுத் துண்டு போட்டார், அது தங்கிவிட்டது. மழை விட்டு, வெயிலில் அது கடை வாங்கில் ஏறி உடம்பை நக்கிக்கொண்டிருந்தபோதுதான் எல்லோரும் கவனித்தார்கள். வால் பாதிதான் இருந்தது. நுனியில் முறுக்கிவிட்டாற்போல ஒரு முடிச்சு. சாமான் வாங்க வந்தவர்கள் ஒரே வாயாகச் சொன்னார்கள்: "இது ஆரோ வெட்டின வேலைதான்."

ஆர் வெட்டியிருப்பான் என்று யோசிக்க அவர்களுக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை. அதற்கு முந்திய கிழமைதான் நான் ஒரு நாயின் வாலில் பழைய பால்டின்னைக் கட்டி ஓடவிட்டு, றோட்டு நெடுகச் சத்தம் போட வைத்துப் பிடிபட்டிருந்தேன். அந்தக் குற்றத்தை நான் செய்தது உண்மை. ஆகவே இந்தக் குற்றத்தையும் நானே செய்திருப்பேன் என்பதில் ஒருவருக்கும் ஐயமில்லை. அப்பா பூவரசங் கம்பை முறித்தார். நான் அழுதுகொண்டே இல்லை, இல்லை என்றேன். இல்லை என்று சொன்னதற்கும் சேர்த்து இரண்டு விழுந்தது.

இரண்டு மாதம் கழிந்திருக்கும். அந்தப் பூனை வெறும் சாக்குகளுக்கிடையில் நான்கு குட்டி போட்டது. காக்கா ஆளனுப்பி அப்பாவையும் என்னையும் அழைத்தார். கண் திறவாத குட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி அப்பாவின் கையில் வைத்தார். இரண்டு குட்டிகளுக்குத் தாயைப் போலவே முடிச்சு வால். ஒன்றுக்கு முயலுக்கிருப்பதுபோல ஒரு குஞ்சம் மட்டும். நான்காவதற்கு முழு வால்.

"அண்ணன், இது ராவு பொறந்த குட்டி. இதுட வாலையும் உங்கட மகனா வெட்டின?" என்று கேட்டார் காக்கா. பிறகு என் பக்கம் திரும்பி, "மனே, நான் உன்னில சந்தேகப்பட்டது பிழை. மனசில வெச்சிக்காத" என்று சொல்லிப் போத்தலைத் திறந்து, கை நிறையத் தோடம்பழ இனிப்பு அள்ளித் தந்தார். ஒரு பெரிய மனிதர் சிறுவன் ஒருவனிடம் மன்னிப்புக் கேட்டதை நான் முதன்முதலில் கண்டது அன்றைக்குத்தான். அன்றிலிருந்து கூழைவால் பூனைகளைப் பற்றி எங்கே எது கண்ணிற் பட்டாலும் நின்று வாசித்துவிடுவது எனக்கு வழக்கமாயிற்று. வாசித்ததில் விளங்கிய முதல் விடயம், எங்கள் ஊர் பிடித்த பிழையை உலகமே பிடித்திருக்கிறது என்பதுதான்.

குட்டை வாலைக் கண்டவுடன் 'இதை யாரோ வெட்டியிருக்கிறார்கள், அல்லது எதுவோ முறித்திருக்கிறது' என்று எண்ணுவது மனித சுபாவம் போலும். கிழக்கிந்தியக் கம்பனியின் ஊழியராகச் சுமாத்திராவில் இருந்த வில்லியம் மார்ஸ்டன் அத்தீவின் வரலாற்றை எழுதினார். அந்நூலின் முதற் பதிப்பு 1783இல் வெளிவந்தது. அங்குள்ள வீட்டுப் பூனைகள் எல்லா வகையிலும் தம் நாட்டுப் பூனைகளைப் போன்றவையே; வால் மாத்திரம் குறைபட்டு, வெட்டியதோ முறுக்கிப் பறித்ததோ என்னும்படி நுனியில் கட்டியுடன் இருக்கிறது என்பது அவர் தரும் வருணனை. எங்கள் கடை வாங்கடியில் நின்றவர்கள் சொன்னதும் ஏறக்குறைய இதுவே.

மார்ஸ்டனுக்கு ஒரு நூற்றாண்டு முன்னதாக, 1690 முதல் 1692 வரை யப்பானின் நாகசாக்கித் துறையில் ஒல்லாந்தக் கம்பனியின் வைத்தியராக இருந்த எங்கெல்பேர்ட் கெம்ப்பர் என்ற ஜேர்மானியரும் அவ்வாறே எழுதினார். மஞ்சளும் கறுப்பும் வெள்ளையுமாகப் பெரிய பெரிய திட்டுக்கள் கொண்ட அந்நாட்டுப் பூனையின் குட்டை வால் வளைத்து முறித்தாற்போல் தோன்றியதாம். அது எலி பிடிப்பதில் நாட்டமில்லாமல், பெண்கள் தூக்கி வைத்துத் தடவுவதையே விரும்புகிறது என்றொரு முறைப்பாட்டையும் அவர் சேர்த்துக்கொண்டார். வைத்தியரின் வீட்டில் எலி கூடுதலாக இருந்திருக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் ஒன்றாகப் பார்த்தவர் சாள்ஸ் டார்வின். வீட்டு விலங்குகளும் பயிர்களும் எவ்வாறு வேறுபடுகின்றன என்பது பற்றி 1868இல் அவர் வெளியிட்ட பெருநூலில், மலாயத் தீவுக் கூட்டம், சீயம், பெகு, பர்மா ஆகிய பரந்த நிலப்பரப்பு முழுவதிலும் பூனைகளின் வால் பாதியளவே இருப்பதையும், அதன் நுனியில் பெரும்பாலும் ஒரு முடிச்சு இருப்பதையும் எடுத்துக் காட்டினார். ஒரு பூனைக்கு வால் குறைந்தால் அதை விபத்து எனலாம். ஒரு தெருவிலுள்ள பூனைகளுக்குக் குறைந்தால் அதைக் குறும்புக்காரச் சிறுவனின் தலையிற் கட்டலாம். பர்மா தொடங்கி யாவா வரை எத்தனை பையன்களை அடிப்பது?

மக்கள் விடவில்லை. பையன்களுக்குப் பதிலாகக் கதைகளைப் பிடித்தார்கள். பிரித்தானியாவுக்கும் அயர்லாந்துக்கும் நடுவில் மேன் தீவு என்றொரு சிறு தீவு இருக்கிறது. பரப்பு 572 சதுர கிலோமீற்றர்தான். அங்கே வால் அறவே இல்லாத பூனைகள் புகழ்பெற்றவை. நூஹு நபியின் கப்பலில் கடைசியாக ஏறியது இந்தப் பூனையென்றும், அவசரத்தில் கதவு சாத்தப்பட்டபோது வால் நறுக்கப்பட்டதென்றும் அவ்வூரார் சொல்வார்கள். சீயத்திலோ கதை அரண்மனைக்குப் போகிறது. குளிக்கச் சென்ற இளவரசி தன் மோதிரங்களைப் பூனையின் வாலில் கோத்து வைத்தாள். அவை கழன்று விழாதிருக்க வாலின் நுனியில் விழுந்த முடிச்சு பிறகு அவிழவேயில்லை. யப்பானில் அச்சம் கலந்த கதை. கிழடாகிப்போன பூனையின் வால் இரண்டாகப் பிளந்து அது பேயாகிவிடும் என்று நம்பினார்கள். பிளப்பதற்கு நீண்ட வால் வேண்டும். ஆகவே குட்டை வால் பூனை வீட்டுக்கு ஆபத்தில்லாத பூனை. கடைகளின் முகப்பில் ஒரு கையை உயர்த்தி வாடிக்கையாளரை அழைக்கும் யப்பானியப் பூனைப் பொம்மையைக் கொழும்புக் கடைகளிலும் கண்டிருப்பீர்கள். மரபுப்படி செய்த பொம்மையின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். வால் ஒரு சிறு குமிழாகத்தான் இருக்கும்.

கதைகள் பாதகமற்றவை. விஞ்ஞானிகளும் இதே பிழையைப் பிடித்த ஒரு சந்தர்ப்பம் இருக்கிறது. அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

1887ஆம் ஆண்டு ஜேர்மனியின் வீஸ்பாடன் நகரில் இயற்கை ஆய்வாளர்களும் வைத்தியர்களும் கூடிய மாநாட்டுக்கு ஒட்டோ சக்கரியாஸ் என்ற அறிஞர் வாலில்லாத பூனைக்குட்டிகளைக் கொண்டுவந்து காட்டினார். குட்டிகளின் தாய்க்கும் வாலில்லை. அதன் வால்மீது வண்டிச் சில்லு ஏறி அறுந்துபோனது என்று சொல்லப்பட்டது. தாய் வாழ்நாளில் அடைந்த காயம் பிள்ளைகளுக்கு இறங்கியிருக்கிறது, இதோ கண்முன்னே அத்தாட்சி என்றார்கள். அக்காலத்தில் இது சாதாரணச் சங்கதியல்ல. உயிர்கள் வாழ்நாளில் பெறும் மாற்றங்கள் வழித்தோன்றல்களுக்குச் சேருமா என்பதுதான் அன்றைய உயிரியலின் தலையாய வழக்கு. பிரான்சின் லாமார்க் சேரும் என்று சொல்லியிருந்தார். டார்வினுங்கூட அதை முற்றாக மறுத்தவரல்லர். அவ்வளவு பெரிய வழக்கில் சாட்சிக் கூண்டில் ஏற்றப்பட்டவை நான்கு கால் கூழைக்குட்டிகள்!

பிரைபுர்க் பல்கலைக்கழகத்தில் இருந்த ஓகஸ்ட் வைஸ்மன் என்ற பேராசிரியர் இதை ஒப்பவில்லை. வண்டிச் சில்லைப் பார்த்தவர் யார், குட்டிகளின் தகப்பன் யார் என்பதே அவருடைய கேள்வி. அத்தோடு அவர் நிற்கவில்லை. வெள்ளெலிகளின் வாலை வெட்டினார். அவை ஈன்ற குட்டிகளை வளர்த்து, அவற்றின் வாலையும் வெட்டி, மீண்டும் ஈனவிட்டார். இப்படியே ஐந்து தலைமுறை. 1888 செப்டெம்பரில் கொலோன் நகரில் அவர் உரையாற்றியபோது, வால் வெட்டுண்ட பெற்றோருக்குப் பிறந்த குட்டிகளின் தொகை 901. அவற்றுள் ஒன்றாவது குட்டை வாலோடு பிறக்கவில்லை.

இதற்கு இவ்வளவு எலிகளைத் துன்புறுத்தியிருக்க வேண்டுமா என்று எனக்குப் படுவதுண்டு. முஸ்லிம்கள் எத்தனையோ நூற்றாண்டுகளாகச் சுன்னத்துச் செய்து வருகிறார்கள். யூதர்கள் அதற்கும் முன்பிருந்தே செய்கிறார்கள். எங்கள் பெண் பிள்ளைகளுக்குத் தலைமுறை தலைமுறையாகக் காது குத்துகிறோம். துளையோடு பிறந்த காதைக் கண்டவர் யார்? ஆனால் இந்த நியாயங்களை எடுத்துச் சொல்லியும் அன்றைய எதிரணி மசியாததால்தான் எலிகள் பலியாயின.

வைஸ்மனின் உரையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி எலிகளைப் பற்றியதன்று. பிரைபுர்க்குக்கு அருகே வால்ட்கிர்ஹ் என்ற சிற்றூர். அங்கிருந்து சக பேராசிரியர் ஒருவர் அவருக்குக் கூழைவால் குட்டியொன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். தாய்க்கு முழு வால் இருந்தது. தகப்பன் யாரென்று தெரியவில்லை. துருவி விசாரித்தபோது, சில வருடங்களாகவே அவ்வூரில் வெவ்வேறு தாய்ப் பூனைகளுக்கு வாலற்ற குட்டிகள் அடிக்கடி பிறந்துவருவது தெரியவந்தது. காரணம், முன்னர் சிறிது காலம் அங்கே வசித்த பாதிரியார் ஒருவர். அவருடைய மனைவி ஆங்கிலேயப் பெண். அவரிடம் மேன் தீவைச் சேர்ந்த வாலில்லாக் கடுவன் பூனை ஒன்று இருந்தது! ஊரிலுள்ள கூழைகளெல்லாம் அந்தக் கடுவனின் வாரிசுகளே என்பது கிட்டத்தட்ட நிச்சயம் என்றார் வைஸ்மன்.

நேயர்களே, இவ்வூரில் தாய்ப் பூனைகளுள் ஒன்றின் வால் தற்செயலாகக் கதவிடுக்கில் அகப்பட்டிருக்குமானால் என்ன நடந்திருக்கும்? கடுவனை ஒருவரும் தேடியிருக்கமாட்டார்கள். கதவுதான் குற்றவாளியாகியிருக்கும்.

வால் குட்டை இரத்தத்தில் வருவது என்பதற்கு வேறு சாட்சியும் அப்போது ஏட்டில் இருந்தது. வைத்தியர் வில்சன் மேன் தீவுக் கடுவனைச் சாதாரணப் பெட்டைகளோடு சேர்த்துப் பெற்ற 23 குட்டிகளில் 17 வாலின்றிப் பிறந்ததை டார்வின் பதிந்து வைத்திருக்கிறார். மாறாக, மேன் தீவுப் பெட்டையைச் சாதாரணக் கடுவனோடு சேர்த்தபோது எல்லாக் குட்டிகளுக்கும் வால் இருந்தது. ஆனால் பெரும்பாலும் குட்டையாகவும் குறைபட்டும் இருந்தது. எங்கள் கடைப் பூனை போட்ட நான்கு குட்டிகளை இதனோடு வைத்துப் பார்க்கிறேன். முழுவால், முடிச்சு வால், குஞ்சம் என்று ஒரே சாக்கில் மூன்று விதம். மென்டலின் பட்டாணிக் கணக்கு அறிந்தவருக்கு இதில் ஆச்சரியம் குறைவு. அப்பாவுக்கு அந்தக் கணக்குத் தெரியாது.

அதன் உட்பொருள் தெளிவானது எங்கள் காலத்தில்தான். 2013இல் வெளியான ஆய்வொன்று மேன் தீவுப் பூனைகளின் வாலின்மைக்குக் காரணமான பரம்பரையலகைக் காட்டியது. அந்த ஒரே பரம்பரையலகில் ஒன்றல்ல, நான்கு விதமான விகாரங்கள் காணப்பட்டன. மூன்று ஆண்டுகள் கழித்து, 2016இல், ஆசியக் குட்டைவால் பூனைகளின் பரம்பரையலகில் விகாரமொன்று கண்டுபிடிக்கப்பட்டது. அது முற்றிலும் வேறொரு பரம்பரையலகு. யப்பானியக் குட்டைவால் இனத்திலும் அதே எழுத்துப் பிழைதான். ஆக, மேன் தீவின் பூனையும் நாகசாக்கியின் பூனையும் பார்வைக்கு உறவினர் போலத் தோன்றினாலும், வாலைப் பொறுத்தவரை அவை ஒன்றுக்கொன்று சொந்தமில்லாதவை. ஒரே முகச்சாயல் கொண்ட இரு அந்நியர்கள்.

இந்த ஆசியப் பிழை வேலை செய்யும் விதத்தைக் கிடுகு பின்னுவதைக் கொண்டு விளக்கலாம். தென்னோலையைக் கீற்றுக் கீற்றாக எடுத்து, ஒன்றன்பின் ஒன்றாக மடக்கிப் பின்னுகிறோம். தாயின் வயிற்றில் வளரும் குட்டியின் முள்ளந்தண்டும் இப்படித்தான் தலைப்பக்கமிருந்து வாற்பக்கமாகத் துண்டு துண்டாகத் தாளம் தவறாமல் அமைகிறது. அந்தத் தாளத்தைப் போடும் பரம்பரையலகுகளுள் ஒன்றில்தான் பிழை. முதுகு முடியும் வரை பின்னல் சரியாக வருகிறது. கடைசிக் கீற்றுகளில் தாளம் பிசகிச் சில முள்ளென்புகள் ஒட்டிக்கொள்கின்றன, சில கோணுகின்றன, சில அமையாமலே போகின்றன. சாதாரணப் பூனையின் வாலில் ஏறத்தாழ 20 முதல் 23 முள்ளென்புகள் இருக்கும். கூழையில் அதில் பாதியும் இராது. இந்தப் பிழையைத் தாய், தகப்பன் இருவரில் ஒருவர் கொடுத்தாலே போதும், வால் குறையும். ஆட்சியுடைய இயல்பு என்று பாடசாலையில் படிப்பது இதைத்தான்.

இனி நம் கரைக்கு வருவோம். கப்பலில் அரிசி ஏறினால் எலி ஏறும். எலி ஏறினால் பூனை ஏறும். கடலோடிகள் பூனையை அழைத்துச் சென்றது அன்பினால் மட்டுமன்று. ஒல்லாந்தர் 1619இல் யாவாவில் பத்தாவியாவை அமைத்தார்கள். 1638இல் நமக்கு வடக்கேயுள்ள மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். 1640இல் காலி, 1641இல் நாகசாக்கியின் தெசிமாத் திட்டு. ஒரே கம்பனியின் கப்பல்கள் இந்தத் துறைகளையெல்லாம் ஒரே கயிற்றில் கோத்தன. நாகசாக்கியில் இன்றும் தெருப்பூனைகளில் பெரும்பாலானவற்றின் வால் கோணியோ குறைந்தோ இருக்கும். பத்தாவியாவிலிருந்து வந்த ஒல்லாந்தக் கப்பல்களில் வந்திறங்கிய பூனைகளின் சந்ததி அவை என்றே அந்நகரத்தார் சொல்கிறார்கள். கோணல் வால் அங்கே அதிர்ஷ்டத்தைக் கொளுவி இழுக்கும் கொக்கி. அந்த ஊரில் நான் பிறந்திருந்தால் பூவரசங் கம்பு முறிந்திராது.

அதே கப்பல்களில்தான் யாவாவிலிருந்தும் மற்றத் தீவுகளிலிருந்தும் படைவீரர்களும், நாடுகடத்தப்பட்ட அரச குடும்பத்தாரும் இலங்கைக்கு வந்தார்கள். மாத்தறம் அரசன் மூன்றாம் அமாங்குராத் 1708இல் இங்கே நாடுகடத்தப்பட்டவர். பின்னர் பிரித்தானியரின் கீழ் மலாய் வீரர்கள் சேவித்த இலங்கை றைபிள் படை 1873இல் கலைக்கப்படும்வரை தீவின் பல காவலிடங்களில் அவர்களின் குடும்பங்கள் தங்கி வாழ்ந்தன. அவர்களுடைய மொழியில் பூனைக்குக் 'கூச்சிங்' என்று பெயர். நம் கரையில் ஒரு முடிச்சு வாலைத் தடவும்போது, கைக்குள் அகப்படுவது மலாயத் தீவுகளிலிருந்து புறப்பட்ட ஒரு நீண்ட பயணத்தின் கணு என்றே நான் எண்ணிக்கொள்வேன். கடை வாங்கில் படுத்திருந்த அந்தப் பெட்டைக்கு வெட்டுக்காயம் இருக்கவில்லை, வம்சம் இருந்தது.

காக்காவின் கடைக்கு நான் அதன்பின் அடிக்கடி போனேன். பூனை பற்றிய மார்க்கக் கதைகளை அவர் சொல்லித்தான் அறிந்தேன். நபித்தோழர் அபூ கதாதா ஒளூச் செய்ய வைத்திருந்த தண்ணீரைப் பூனையொன்று குடிக்க வந்தபோது, அது வசதியாகக் குடிக்கும்படி பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தாராம். வியந்து பார்த்த மருமகளிடம், பூனை அசுத்தமான பிராணியன்று, நம்மைச் சுற்றி வீட்டில் நடமாடும் வகையைச் சேர்ந்தது என்று நபிகள் நாயகம் சொன்னதை எடுத்துரைத்தாராம். அதிகமான ஹதீஸ்களை அறிவித்தவரான அபூ ஹுறைறாவின் பட்டப்பெயருக்கே பூனைக்குட்டியின் தந்தை என்பதுதான் பொருள். உயிருள்ள பிராணியின் அங்கத்தைச் சிதைப்பவனை நபிகள் சபித்ததாகவும் ஹதீஸ் இருக்கிறது. வால் வெட்டியவன் என்று என்னை நினைத்தபோது காக்காவின் முகம் ஏன் அப்படிக் கறுத்தது என்பது இதைக் கேட்ட பிறகுதான் விளங்கியது. எங்கள் வீட்டில் பூனை குறுக்கே போனால் பயணத்தைச் சற்றுத் தாமதிப்பார்கள். அவ்வளவுதான் எங்களுக்கும் பூனைக்கும் உள்ள சாத்திரம். வாலின் நீளத்தைப் பற்றிச் சகுன சாத்திரம் ஒன்றும் சொன்னதாக எங்கள் அப்பாச்சி கூறியதில்லை.

கூழைவால் பூனையோடு வாழ்பவர்களுக்குச் சில விடயங்கள் சொல்ல வேண்டும். ஆசியக் கூழைகள் பெரும்பாலும் நல்ல திடகாத்திரமானவை. மேன் தீவு வகையின் நிலை வேறு. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் அந்த விகாரத்தைப் பெற்ற குட்டி வயிற்றிலேயே அழிந்துவிடுகிறது. பிறப்பவற்றிலும் சிலவற்றுக்கு முள்ளந்தண்டின் அடிப்பகுதி சரியாக மூடாமல், பின்னங்கால் இழுபடுதல், மலசலம் அடக்க முடியாமை போன்ற துன்பங்கள் வரும். அந்தத் தீவினர் 1970இல் தங்கள் நாணயத்தில் அப்பூனையைப் பொறித்துப் பெருமைப்பட்டார்கள். பெருமைக்காக வாலில்லாப் பூனையை வாலில்லாப் பூனையோடு சேர்த்துப் பெருக்குவது குட்டிகளுக்குச் செய்யும் அநியாயம் என்பது என் கருத்து.

வால் இல்லாவிட்டால் பூனை விழுந்துவிடுமா என்று கேட்பார்கள். 1998இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒடுங்கிய சட்டத்தின் மேல் பூனைகளை நடக்கவிட்டுச் சட்டத்தைச் சட்டென்று பக்கவாட்டில் நகர்த்திப் பார்த்தார்கள். வாலுள்ளவை வாலை மறுபுறம் வீசிச் சமாளித்தன. நரம்பு துண்டிக்கப்பட்டு வால் செயலிழந்தவை தடுமாறின. ஆனால் பிறவிக் கூழை அதற்கேற்ப நடை பழகிக்கொள்கிறது. உயரத்திலிருந்து விழும்போது உடம்பைத் திருப்பிக் காலில் இறங்குவதற்கு வால் அவசியமேயில்லை. குறைவது பேச்சுத்தான். பூனைக்கு வால் ஒரு நாக்கு. பழகியவரைக் கண்டால் வாலை நட்டு நிறுத்திக்கொண்டு வரும். கோபம் வந்தால் சுழற்றும். கூழையிடம் அந்தப் பாஷையில் சொற்கள் குறைவு. ஆகவே காதையும் கண்ணையும் பார்த்து அதன் மனதை அறியப் பழக வேண்டும். குழந்தைகள் அதன் வாலைப் பிடித்து இழுக்காமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம். முழு வால் பூனைக்கும் இது பொருந்தும். பலமாக இழுபட்டால் வாலின் அடியிலுள்ள நரம்புகள் சேதமாகிச் சலப்பைக்குப் போகும் நரம்பும் கெடும். பூனை சிறுநீர் கழிக்க முடியாமல் அவதிப்பட்டுச் செத்தும் போகலாம். டின் கட்டிய கையால் இதை எழுதுகிறேன்.

பிறவிக் கூழையா, வெட்டுண்டதா என்று ஐயம் வந்தால் கண்ணைவிட விரலை நம்புங்கள். வெட்டுண்ட வாலின் முனை மொட்டையாக முடியும்; தோலில் தழும்பு இருக்கும், அதன்மேல் மயிர் சீராக முளைத்திராது. பிறவிக் கூழையில் மயிர் நுனி வரை மூடியிருக்கும். உள்ளே கணு தட்டுப்படும். எலும்பு கோணித் திரும்பும் இடமும் தெரியும். அந்தக் கோணலை நிமிர்த்திவிடலாம் என்று மாத்திரம் முயலக்கூடாது. அது மடிந்திருப்பதல்ல, அப்படியே ஒட்டிப் பிறந்தது.

காக்கா அன்று குட்டிகளைக் காட்டியபோது அப்பா இதைத்தான் செய்தார். நெல் மணியைச் சோதிப்பதுபோல ஒவ்வொரு குட்டியின் வாலையும் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து உருட்டிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். வீட்டுக்கு வரும் வழியில் என்னோடு ஒன்றும் பேசவில்லை.

ஒன்றரை மாதம் போனபின் ஒரு மாலை, குஞ்சம் வால் குட்டியைச் சாரனுக்குள் பொத்திக்கொண்டு வந்து அடுப்படியில் இறக்கிவிட்டார். அதற்கு மீன் தலை அவித்து முள் நீக்கிப் போடும் வேலையை அம்மாவிடமும் கொடுக்கவில்லை, என்னிடமும் கொடுக்கவில்லை. அது செத்துப்போகும் வரை தானே செய்தார்.